மணலும் மருந்தும்: புற்றுநோய் மருந்து விலையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

மணவாளக்குறிச்சியில் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு உடனே மணலுக்குப் போய்விடும். கறுத்த மணல், மணலில் மோனசைட், மோனசைட்டில் தோரியம், தோரியத்தில் கதிர்வீச்சு, அதைப் பிரித்தெடுக்கும் மணல் கம்பெனி என்று ஒரு சங்கிலி. டீக்கடையிலும் இதே சங்கிலிதான், கருத்தரங்கிலும் இதேதான். அது பொய் என்று வாதிட நான் இதை எழுதவில்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மணலின் இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று முடிவு சொன்னது. நம் கரையில் இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. "அது கருநாகப்பள்ளி, இது மணவாளக்குறிச்சி, எங்க வீடுகள்ல வந்து எண்ணிப் பாக்கட்டும்" என்பார்கள். நியாயமான கோரிக்கைதான். அந்த விவாதம் நடக்கட்டும்.

நான் கவனப்படுத்த விரும்புவது அந்த விவாதத்தின் சத்தத்தில் அமுங்கிப்போன இன்னொரு கேள்வியை. நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ஊர், மருந்தின் விலை எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. நோய்க்கு மணலையும் கம்பெனியையும் அரசையும் குற்றம் சொல்லத் தெரிந்தவர்கள், மருந்து விலை என்று வரும்போது தலையெழுத்து என்று சொல்லி நகைப்பெட்டியைத் திறக்கிறார்கள். முதலாவது அரசியல், இரண்டாவது குடும்பக் கஷ்டம் என்று எப்படியோ பிரிந்துவிட்டது. இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

முதலில் காலவரிசை. மணவாளக்குறிச்சியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப்பணி தொடங்கிய ஆண்டு 1838. அங்கே பணியாற்றிய பென்டால் என்ற மருத்துவர் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றித் தொகுத்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். ஆண்டு 1908. கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையைத் தேடி வந்த கதை 1909இல் தொடங்குகிறது. ஆக, கம்பெனி வருவதற்கு முன்பே இங்கே நோயாளிகள் எண்ணப்பட்டுவிட்டார்கள். மணல் அப்போதும் கரையில் கிடந்ததுதானே என்று கேட்கலாம். கிடந்தது. கூடவே வெற்றிலைச் செல்லத்தில் புகையிலையும் கிடந்தது. நெய்யூர் மருத்துவர் ஓர் என்பவர் 1933இல் லான்செட் இதழில் எழுதியது திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றித்தான். யாழ்ப்பாணத்துப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூருக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1863 வரை புகையிலை வியாபாரமே சர்க்காரின் ஏகபோகம். வாயைப் புண்ணாக்கிய சரக்கிலிருந்து கருவூலத்துக்குக் காசு போயிற்று. ஏகபோகம் என்ற இந்தச் சொல் பின்னாலும் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் புற்றுநோய்க்கு மருந்து ஏது என்று நினைக்கிறவர்களுக்கு: கத்தி இருந்தது, ரேடியம் இருந்தது. ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் கியூரி தம்பதியர் காப்புரிமை வாங்கவில்லை. ஆனாலும் 1921இல் மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியம் பரிசளிக்க அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் வசூலிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவரே காசு கொடுத்து வாங்க முடியாத விலை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், தோரியத் தொழிலின் மிச்சத்திலிருந்து கிடைத்த மீசோதோரியம் ரேடியத்துக்கு மலிவான மாற்றாக ஜெர்மன் மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. 1907இல் அதைக் கண்டறிந்தவர் ஓட்டோ ஹான். கேஸ் விளக்குக்கு மேண்டில் செய்யத் தோரியம் தேடிய அந்த ஜெர்மன் தொழிலுக்குத்தான், முதல் உலகப்போர் வரும் வரை, மணவாளக்குறிச்சி மணலும் கப்பலேறியது. போர் வந்ததும் ஷோம்பெர்க் சிறைப்பட்டார், தொழில் லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. விளக்குக்கும் மருந்துக்கும் உதவிய பொருள் நம் கரையில் கிடந்தது, அதன் விலை வேறெங்கோ நிச்சயமானது. காலனியப் பொருளாதாரம் பற்றிய எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த வரி உண்டு. மருந்து விஷயத்தில் அது 1947க்குப் பிறகும் வெகுகாலம் உண்மையாக இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

2

என் மாமா, அம்மையின் மூத்த சகோதரர், ஒரு தும்பு ஆலையில் கணக்கெழுதியவர். வெற்றிலைச் செல்லம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. 2011இல் நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) அறுவை, பிறகு ஊசிமருந்து. ஆறு தடவை போட வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை பில் வந்தபோது மச்சான் அந்த மருந்தின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு வெளியே மொத்தக் கடையில் போய் விசாரித்தான். அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனி; விலை நாலில் ஒன்று. வெளிமருந்து இங்கே ஏற்ற மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமாவால் அப்போது தெளிவாகப் பேச முடியாது. என்றாலும் குழறிக்குழறிக் கேட்டார்: "மருமவனே, இந்த மருந்துக்கு இவ்வளவு பைசான்னு போட்டது ஆருடே?" எனக்கு அன்று பதில் தெரியவில்லை. மாமி கையை விரித்தாள்: "ஆரு போட்டா என்ன, குடுக்கப்பட்டது நாமதானே." தென்னைவிளையில் பன்னிரண்டு சென்ட் போனது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. எங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்குப் பைசா புரட்டுவதற்கென்று ஒரு முழு வழிமுறையே இருக்கிறது. முதலில் சிட்டி பிடிப்பார்கள், தள்ளி எடுப்பார்கள். பிறகு நகை பணயத்துக்குப் போகும். அதன் பிறகு வஸ்து: முதலில் ஒற்றி, அப்புறம் விலை. கல்ஃபில் ஒரு பிள்ளை இருந்தால் அவன் பேரில் கடன். கடைசியாகக் கோயில், பள்ளி, ஜமாத், இளைஞர் மன்றம் என்று ஊர் வசூல். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு ஒருவர் வாசலில் ஒருவர் ஏறாத வீடுகளிலிருந்துகூட இந்த வசூலுக்குப் பைசா வந்து பார்த்திருக்கிறேன். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு: விலையை அவை தொடுவதே இல்லை. மழை, வெயில் மாதிரி விலை மேலிருந்து வருகிறது. நம்முடைய வேலை குடை தேடுவது. மனித உறவு ஒன்று பொருளின் இயல்பாகத் தோற்றம் கொள்வதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்று விளக்கினார். சீசாவின் லேபிளில் அச்சிட்ட அதிகபட்ச விலையைவிட அதற்கு நல்ல உதாரணம் கிடைக்காது. மருத்துவமனையை ஃபூக்கோவைக் கொண்டு வாசித்த கட்டுரைகள் தமிழில் நிறைய வந்தாயிற்று. மருத்துவமனை பில்லை வாசித்த கட்டுரை அபூர்வம்.

மாமாவின் கேள்விக்கு ஒரு பாதி பதில் 2019இல் அரசிதழிலேயே வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம், விலைக் கட்டுப்பாட்டில் அதுவரை வராத 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவிட்டது. மார்ச் மாதத்தில் கம்பெனிகளே திருத்திய விலைகளை அனுப்பின. முன்னூற்றுத் தொண்ணூறு பிராண்டுகளின் விலை குறைந்தது, சிலவற்றில் 87 சதம் வரை. நூறு ரூபாய்ப் பொருள் ஒரே உத்தரவில் பதின்மூன்று ரூபாய்க்கு வர முடியுமென்றால், மிச்சம் எண்பத்தேழு ரூபாய் இதுநாள் வரை என்னவாக இருந்தது? அது மருந்தின் விலையல்ல. கம்பெனிக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்கும் நடுவில் பங்கு வைக்கப்பட்ட தொகை. லேபிளில் அதிக விலை அச்சிட்டால் விற்பவருக்கு லாபம் கூடும், ஆகவே அதிக விலை அச்சிட்ட பிராண்டே ஆஸ்பத்திரிக்குள் நுழையும். சந்தைப் போட்டி விலையைக் குறைக்கும் என்ற பொருளாதாரப் பாடம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. வாங்குகிறவர் ஒருவர், தேர்ந்தெடுக்கிறவர் இன்னொருவர் என்பதுதான் காரணம்.

3

மறுபாதி பதில் நீளமானது, காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையின் பெரும்பகுதி சென்னையில் நடந்தது, நடத்தியவர்களில் பலர் நமக்குத் தெரிந்த பெயர்கள்.

வெள்ளையர் போட்ட 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழு மருந்து விலைகளை விசாரித்தபோது, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்ற விவரம் வெளிவந்தது. பரம ஏழை நாட்டில் மிக அதிக விலை. இதை ஆராயும் பொறுப்பு 1957இல் அன்றைய சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரிடம் தரப்பட்டது. 1959இல் அவர் தந்த அறிக்கையை வாசிக்கிறவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. புரட்சிக்காரரின் நடை அல்ல, கணக்கப்பிள்ளையின் நடை. இந்தியக் காப்புரிமைகளில் எண்பது, தொண்ணூறு சதம் வெளிநாட்டார் கையில்; அவற்றில் தொண்ணூறு சதத்துக்கு மேல் இந்தியாவில் உற்பத்திக்கே வராதவை. அதாவது காப்புரிமை பொருளைச் செய்வதற்காக வாங்கப்படவில்லை, மற்றவன் செய்யாமல் தடுப்பதற்காக வாங்கப்பட்டது. ஆகவே உணவு, மருந்து ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்காதே, செய்முறைக்கு மட்டும் கொடு என்றார்.

வித்தியாசம் புரியக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி என்ற பொருளுக்கே ஒருவன் உரிமை வாங்கிவிட்டால் நீங்கள் எப்படிக் காய்ச்சினாலும் குற்றவாளி. காய்ச்சும் முறைக்கு மட்டும் உரிமை என்றால் நீங்கள் வேறொரு முறையில் காய்ச்சி விற்கலாம். 1970இல் நிறைவேறி 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம் இரண்டாவது வழியைப் பிடித்தது. மருந்துச் செய்முறைக்கான உரிமையும் அதிகம் போனால் ஏழு ஆண்டு. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியக் கம்பெனிகள் வேறு வழியில் காய்ச்சக் கற்றுக்கொண்டன. ஏழை நாடுகளுக்கெல்லாம் மருந்து அனுப்புமளவுக்கு வளர்ந்தன. இந்தக் கம்பெனிகள் தேசபக்த தியாகிகள் அல்ல, லாபத்துக்காகச் செய்தார்கள். ஆனால் பலபேர் ஒரே சரக்கை விற்றதால் விலை இறங்கியது.

பிறகு டங்கல் வந்தார். 1991 டிசம்பரில் அவர் வைத்த நகல், 1994 ஏப்ரலில் மாரகேஷில் கையெழுத்து, 1995 ஜனவரி 1இல் உலக வர்த்தக அமைப்பு. நாகர்கோவில் வரை அன்று கூட்டங்கள் நடந்தன. மேடையில் விதையும் வேப்பமரமும்தான் முன்னால் நின்றன, மருந்து பின்வரிசையில். 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் இருபது ஆண்டு காப்புரிமை தந்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த ஆண்டு மார்ச்சில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது, இடதுசாரிகளின் நெருக்கடியால், 3(டி) என்ற பிரிவில் ஒரு தடை போடப்பட்டது: ஏற்கனவே தெரிந்த மருந்துப் பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் குணமாக்கும் திறன் கூடியிருந்தாலொழிய, புதிய காப்புரிமை கிடையாது. பழைய கருப்பட்டியைப் புதிய அச்சில் ஊற்றிக்கொண்டு வந்தால் செல்லாது என்று அர்த்தம்.

இந்தச் சில வரிகளின் மீதுதான் எட்டு ஆண்டுச் சண்டை நடந்தது. ஒருவகை ரத்தப் புற்றுக்கு இமாடினிப் என்ற மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை அந்த நோய் வந்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று, இல்லையென்றால் சில வருஷம் என்பதுதான் கதி. இந்த மாத்திரை தினமும் சாப்பிட்டுக்கொண்டே வாழலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது. வாழலாம், ஆனால் தினமும் வாங்க வேண்டும். நோவார்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் இந்தியாவில் வைத்த விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை அதில் பத்தில் ஒன்றுக்கும் கீழே. இமாடினிபின் குறிப்பிட்ட ஒரு படிக வடிவத்துக்கு உரிமை கேட்டு 1998இலேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்டிஸின் மனு கிடந்தது. 2003 நவம்பரில் அதற்குத் தற்காலிகமான தனி விற்பனை உரிமையும் கிடைத்தது. அதைக் காட்டி 2004இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சில இந்தியக் கம்பெனிகளுக்குத் தடையாணை வாங்கப்பட்டது. (பம்பாயில் அதே தடை மறுக்கப்பட்டது. நீதியும் ஊருக்கு ஊர் ஒரு விலை.)

மனுவை எதிர்த்தவர்களில் போட்டிக் கம்பெனிகளோடு மும்பையிலிருந்து இயங்கும் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷனும் இருந்தது. கம்பெனிகள் எதிர்ப்பது வியாபாரம். நோயாளிகளுக்காக ஒரு சங்கம் அலுவலகத்துக்குள் வந்து இந்தப் படிகத்தில் புதுசாக என்ன இருக்கிறது என்று கேட்டது வேறு வகை. நோயாளி என்றால் பிச்சைப் பாத்திரம் அல்லது பணப்பை என்றிருந்த இடத்தில் அவர் சார்பில் ஒரு வழக்காளி முளைத்தார். 2006 ஜனவரி 25இல் சென்னை அலுவலகம் மனுவைத் தள்ளியது. உடனே நிறுவனம் 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்ட் 6இல் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. 2009இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமும், கடைசியில் 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தன.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது, என் பார்வையில் கிளிவெக் வழக்கைவிடத் துணிச்சலானது. ஈரல், சிறுநீரகப் புற்றுக்கான சொராஃபெனிப் மருந்துக்கு பேயர் நிறுவனத்திடம் செல்லுபடியான காப்புரிமை இருந்தது. மாத விலை 2,80,428 ரூபாய். காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, மக்களுக்குப் போதிய அளவில் கிடைக்கவில்லையென்றாலும், நியாயமாகக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லையென்றாலும், இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லையென்றாலும், இன்னொருவருக்குக் கட்டாய உரிமம் தரலாம் என்கிறது. ஹைதராபாதின் நாட்கோ கம்பெனி அதைக் கேட்டது. வாதத்தின் மையம் ஒரு சொற்றொடர்: 'நியாயமாகக் கட்டுப்படியாகும் விலை'. யாருக்குக் கட்டுப்படியாக வேண்டும்? ஆராய்ச்சிச் செலவைக் கணக்கில் எடுத்து எங்களுக்கும் நியாயமாக இருக்க வேண்டாமா என்றது பேயர். காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் 2012 மார்ச் 9இல் தந்த உத்தரவில், வாங்கும் மக்களை வைத்தே அதை முடிவுசெய்ய வேண்டும் என்றார். தேவைப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ இரண்டு சதம் பேருக்குத்தான் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. நாட்கோவின் விலை மாதம் 8,800 ரூபாய். பேயருக்கு விற்பனையில் 6 சதம் உரிமைத்தொகை. மேல்முறையீடு, அப்போது பிரபா ஸ்ரீதேவன் தலைமையில் சென்னையிலிருந்து இயங்கிய வாரியத்துக்கு வந்தது. 2013 மார்ச்சில் வாரியம் உரிமத்தை உறுதிசெய்தது, உரிமைத்தொகையை மட்டும் 7 சதமாக்கியது. பம்பாய் உயர்நீதிமன்றமும் 2014 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை.

2,80,428க்கும் 8,800க்கும் நடுவில் மாத்திரையின் ரசாயனம் மாறவில்லை. மாமாவின் கேள்விக்கு இந்த இரண்டு எண்களே போதுமான பதில். அவர் 2012 தையில் போய்விட்டார், உத்தரவு மார்ச்சில் வந்தது.

4

விலையை இறக்குவது ஒரு வழி. விலையை அப்படியே வைத்துக்கொண்டு ஏழைக்கு மட்டும் கதவு திறப்பது இன்னொரு வழி. பின்னதற்கு இரண்டு உருவங்கள்: கம்பெனியின் இலவசம், அரசின் காப்பீடு.

இந்தியாவில் தன் மாத்திரையைச் சாப்பிடுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு இலவசமாகவே தருகிறோம் என்பது கிளிவெக் வழக்கு முழுவதிலும் நோவார்டிஸ் சொன்ன வாதம். மேக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக அந்தத் திட்டம் உண்மையாகவே நடந்தது, பலர் அதனால் உயிரோடு இருக்கிறார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் கேட்க வேண்டியது இது: ஏறத்தாழ எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டால், யாரும் வாங்காத அந்த 1,20,000 ரூபாய் விலை எதற்கு? விலையைக் காப்பாற்றுவதற்கு. இந்தியாவில் எட்டாயிரத்துக்கு விற்றால் பணக்கார நாட்டில் கேள்வி வரும். இலவசமாகத் தந்தால் வராது. இலவசம் விலையைக் குறைப்பதில்லை, மறைத்து வைக்கிறது. தவிர, தானம் கொடுப்பவர் நாளைக்கு நிறுத்தலாம், யார் ஏழை என்பதை அவரே தீர்மானிக்கலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது. கஞ்சித்தொட்டிக்கும் ரேஷன் கார்டுக்கும் உள்ள வித்தியாசம்.

காப்பீடு நம் பக்கத்தில் புதிதல்ல. 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஆர்.சி.சி., எண்பதுகளிலேயே ஒரு சிறு தொகையைக் கட்டி உறுப்பினரானால் பின்னாளில் நோய் வந்தால் சிகிச்சை என்று ஒரு திட்டம் நடத்தியது. அதில் சேர்ந்தவர்கள் கல்குளம், விளவங்கோடு பக்கத்திலும் உண்டு. மாநில எல்லை 1956இல் பிரிந்தாலும் நோய்க்கு வண்டி ஏறுவது இன்னும் திருவனந்தபுரத்துக்குத்தான். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. அதில் சேரக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து 2022இல் 1,20,000 ஆக்கப்பட்டது. கிளிவெக்கின் அன்றைய ஒரு மாத விலை. தற்செயல்தான், ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காப்பீட்டால் கீமோவுக்குப் போன ஏழைகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சிக்கல் இரண்டு. அட்டைக்கு உள்ளே வராத, கையில் ஐந்து சென்ட்டும் ஓட்டு வீடும் உள்ள கணக்கப்பிள்ளை, வாத்தியார், சிறுகடைக்காரர் வகையறா இடையில் நிற்கிறது. வஸ்து விற்பது இவர்கள்தான். இரண்டாவது, புது மருந்துகளின் விலைக்கு முன்னால் எந்த உச்சவரம்பும் சில மாதம்கூடத் தாங்காது.

நான் அதிகம் பேசப்படாத மூன்றாவது ஒன்றின் பக்கம் சாய்கிறேன்: சேர்ந்து வாங்குவது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியே வாங்கியதை நிறுத்தி, பொதுப்பெயரில் ஒரே டெண்டர், ஒரே பட்டியல், மாவட்டத்துக்குக் கிடங்கு. மற்ற மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொண்ட காரியம். நம் அறிவுஜீவிகள் இதை நிர்வாகச் செய்தி என்று விட்டுவிட்டார்கள். டாடா மெமோரியல் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு இதையே பெரிய அளவில் செய்தது. 23 மருத்துவ மையங்கள் சேர்ந்து 40 மருந்துகளுக்கு ஒரே பேரம் நடத்தின. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கணக்குப்படி மிச்சம் ஏறத்தாழ 1,320 கோடி ரூபாய், 82 சதம். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்தவை. பல கம்பெனிகள் செய்வதால்தான் பேரமே சாத்தியம். ஒரே ஒருவன் விற்கும் சரக்குக்கு இருபத்துமூன்று பேர் சேர்ந்து போனாலும் பேரம் படியாது. அங்கே மறுபடியும் அய்யங்காரிடம்தான் போயாக வேண்டும்.

5

2005க்குப் பிறகு வந்த மருந்துகள் இப்போது முழுமையான பொருள் காப்புரிமையோடு வந்திறங்குகின்றன. 2022இல் மார்பகப் புற்றுள்ள ஒரு பெண் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். ரிபோசிக்ளிப் என்ற மாத்திரைக்கு மட்டும் மாதம் ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு மேல்; கட்டாய உரிமம் கொடுக்க வழி பாருங்கள் என்பது கோரிக்கை. வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துபோனார். நீதிமன்றம் வழக்கைத் தானாகவே எடுத்து நடத்தியது. சொராஃபெனிபுக்குப் பிறகு இந்தியாவில் இன்னொரு கட்டாய உரிமம் வழங்கப்படவில்லை. 2013இல் டாசடினிபுக்குக் கேட்டது மறுக்கப்பட்டது. அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதைக் கையிலெடுக்கும் அரசும் கம்பெனியும் இல்லை. இந்தியக் கம்பெனிகளில் பல இப்போது பன்னாட்டு நிறுவனங்களோடு உரிம ஒப்பந்தம் செய்துகொள்ளவே விரும்புகின்றன. அவர்களை நம்பிப் பயனில்லை.

ஆகவே மிஞ்சுவது எதிர்ப்பு மனு. காப்புரிமை வழங்குமுன் 'எவரும்' எதிர்க்கலாம் என்கிறது சட்டத்தின் 25ஆம் பிரிவு. டாக்டராகவோ கம்பெனியாகவோ இருக்க வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் காசநோய் மருந்து பெடாக்விலினின் காப்புரிமையை நீட்டிக்கும் முயற்சி முறியடிக்கப்பட்டபோது மனு போட்டிருந்த இருவர், நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும், அந்த நோயிலிருந்து மீண்டவர்கள். அந்த மனுவுக்கு அப்போது கட்டணம் கிடையாது. 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்டு கட்டணம் வைக்கப்பட்டது. மனு ஏற்கத் தக்கதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்ப்பார் என்றும் சேர்க்கப்பட்டது. இந்தத் திருத்தத்தைப் பற்றி எங்கள் ஊரில், மணலுக்காக வருஷம் தவறாமல் கூட்டம் போடும் தோழர்களிடம் சொன்னேன். ஒருவர் கேட்டார்: "மனு எங்க குடுக்கணும்?" கிண்டியில் என்றேன். "தமிழ்ல எழுதலாமா?" ஆங்கிலம் அல்லது இந்தி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரிபோசிக்ளிப் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி ஒரு பழைய கூட்ட நோட்டீஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.